சாப்பிட்டால் கடல் இல்லை

கடலுக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு கடலில் இறங்க முடியாமல் தவிப்பதைவிட வயிற்றெரிச்சல் வேறு உண்டா என்று அசுனைக் கேட்டால், இல்லவே இல்லை என்பாள். ஸ்பெயினில் கடலே இல்லாத அல்பசேத்தே ஊரில், கத்தித் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. மெருகு போட ஆள் இல்லை என்று மேலாளர் கையை விரித்துவிட்டதால், இந்த ஆகஸ்டில் கிடைத்தது நான்கே நாள் விடுப்பு. இன்று கடைசி நாள். ஐந்து மணிக்குப் பஸ்.

மற்ற வீடுகளில் புருஷன் ஊரில் கிடந்து உழைப்பான், பெண்டாட்டியும் பிள்ளைகளும் கடற்கரையில் காற்று வாங்குவார்கள். இவர்கள் வீட்டில் தலைகீழ். கணவன் ஹினேஸ் பள்ளிக்கூட வாத்தியார், கோடை முழுக்க விடுமுறை. மகள் காந்தேலாவைக் கூட்டிக்கொண்டு ஜூலையிலேயே சாந்தா பெத்ராவில் இருக்கும் தன் அக்கா ரெமே வீட்டுக்கு வந்துவிட்டான். ஊர் நுழைவில் 'குடும்பங்களின் கடற்கரை' என்று ஒரு பெரிய பலகை. அதைப் பார்த்தாலே அசுனுக்கு இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். குளிர்காலம் பூராவும் சனிக்கிழமை தவறாமல் நகராட்சி நீச்சல்குளத்தில் நின்று மகளுக்கு நீந்தச் சொல்லிக்கொடுத்தவள் அவள். கோடை வந்ததும் கடலில் நீச்சல் எல்லைக்காகப் போட்டிருக்கும் மஞ்சள் மிதவை வரை இருவரும் நீந்திப் போய்த் தொட்டுவிட்டு வருவது என்று பேச்சு. தொழிற்சாலை இரைச்சலில் காது அடைத்துப்போகும் நேரமெல்லாம் அந்த மிதவையை நினைத்துத்தான் பொழுதை ஓட்டினாள்.

கடல் குறுக்கே நிற்கவில்லை. நான்கு நாளும் கரையில் 'இறங்கலாம்' என்ற பச்சைக் கொடி, தட்டில் ஊற்றி வைத்த மாதிரி தண்ணீர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! இங்கே பூசாரி ரெமே.

விடிவதற்கு முன்பே போய்க் குடை நட்டு முதல் வரிசையைப் பிடித்துவிடுவாள் ரெமே. அதன் பிறகு அந்தக் குடையின் கீழே அவளும் தின்பண்டம் நிறைந்த அவள் ஐஸ் பெட்டியும் வைத்ததுதான் சட்டம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகாமல் தண்ணீரில் இறங்கினால் செரிமானம் நின்று ஆளே போய்விடும் என்பது அந்தக் கரையில் எல்லாத் தாய்மாருக்கும் வேதவாக்கு. அசுனும் அப்படித்தான் வளர்ந்தாள். இப்போது நம்புவதில்லை. ஆனால் அத்தனை குடைகளும் பார்த்துக்கொண்டிருக்கும்போது சாப்பிட்ட பிள்ளையைத் தண்ணீரில் இறக்க எந்தத் தாய்க்குத் துணிச்சல் வரும்?

முதல் நாள் இறங்கப் போகும் நேரத்தில் காந்தேலாவின் கையில் ஒரு ரொட்டி. இரண்டாம் நாள் பீச் பழம். மூன்றாம் நாள் உருளைக்கிழங்கு போட்ட முட்டையடை. ஒவ்வொரு கடிக்கும் மறுபடி இரண்டு மணி நேரம்.

இன்று அசுன் உஷாராக இருந்தாள். மகளுக்குக் காலையிலேயே பாலும் ரொட்டியும் கொடுத்து, வேண்டிய நேரம் கழியும்வரை பக்கத்திலேயே காவல் இருந்தாள். நீச்சல் தொப்பியை எடுக்கப் பைக்குள் குனிந்து நிமிர்ந்ததுதான் தாமதம், பெண்ணின் கன்னம் உப்பியிருந்தது.

"வாயில என்னடி?"

"முலாம்பழம்."

"அண்ணி! நான்தான் குடுக்காதீங்கன்னு சொன்னேன்ல?"

"ஒரு கீத்து கேட்டுச்சு, குடுத்தேன். புள்ள பசின்னா பாத்துக்கிட்டு இருப்பாங்களா?" என்றாள் ரெமே.

"சரி, பழம்தானே. தண்ணி மாதிரி. இதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது," என்றாள் அசுன்.

"பழம்னா வயித்துக்குள்ள போகாம காதுக்குள்ளயா போகுது? அந்தச் சின்ன வயசுப் பையன், நம்ம பெனிதாவோட கொழுந்தன் மகன், நாலு திராட்சையத் தின்னுட்டு எறங்கினானே, தெரியுமா?"

"என்ன ஆச்சு?"

"வாந்தி," என்றாள் ரெமே, சாவுச் செய்தி சொல்லும் குரலில். பக்கத்துக் குடையிலிருந்து இரண்டு பெண்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

ஹினேஸ் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "விடேன் அசுன். ரெண்டு மணி நேரம்தானே."

"ஒனக்கு ரெண்டு மாசம் இருக்குய்யா. எனக்கு இருக்கறது இந்தப் பகல் ஒண்ணுதான்!"

அந்த இரண்டு மணி நேரம் முடிவதற்குள் மதியச் சாப்பாடு வந்துவிட்டது. சோறும் மீனும் தின்றுவிட்டு எல்லோரும் சாய்ந்தார்கள். அசுன் மட்டும் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். நான்கு மணியைத் தாண்டியதும், இனி அவசரமாகவாவது ஒரு முழுக்குப் போடலாம் என்று எழுந்து திரும்பினால், காந்தேலாவின் கையில் பிஸ்கட். பாதி ஏற்கெனவே உள்ளே போயிருந்தது.

அசுனுக்குப் பொறுமை அறுந்தது.

"வேணும்னேதான பண்றீங்க? எம்புள்ளைய எங்கிட்டேந்து பிரிக்கணும்னு எத்தன நாளா நெனச்சிட்டிருக்கீங்க?"

ரெமேயின் முகம் சிவந்தது. "நானா? ஒம்பொண்ணக் கேளு! அத்தை, எதாச்சும் குடு, எதாச்சும் குடுன்னு வந்து நிக்கறது அவ. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டா. நாலு நாளா ஏச்சு வாங்கறது நானு!"

அசுன் மகளைப் பார்த்தாள். காந்தேலா மணலைப் பார்த்தாள்.

"குளத்துல அடி தெரியும்மா. இங்க தெரியல. பயமா இருக்கு."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"நீ நாலு நாளைக்குத்தான் வந்திருக்க. வருத்தப்படுவ."

"அத்தைகிட்ட மட்டும் சொல்ல முடிஞ்சுதா?"

"அத்தை எப்பவும் இருக்காங்கல்ல," என்றாள் குழந்தை. குற்றம் சொல்லும் எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை.

வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது போலிருந்தது அசுனுக்கு. யார்மேல் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை. நாத்தனார் மேலா, மேலாளர் மேலா, ஒன்பது வயதுப் பெண் மேலா? பிஸ்கட் பொட்டலத்தைப் பிடுங்கினாள். இரண்டு மூன்றை ஒன்றாக வாயில் திணித்து மென்றாள்.

"இதோ, நானும் தின்னுட்டேன். எப்படிச் சாகறேன்னு எல்லாரும் பாருங்க!"

விறுவிறுவென்று நடந்து தண்ணீரில் இறங்கினாள். பின்னால் ரெமே கத்தினாள். செய்தித்தாள் பறக்க ஹினேஸும் எழுந்துவிட்டான். அசுன் திரும்பவில்லை. நாற்பது வயதில் இப்படி ஒரு வீம்பா என்று தன் மேலேயே வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. இடுப்பளவு தாண்டியதும்தான் அந்த அலறல் கேட்டது.

"அம்மா! வேணாம்மா!"

காந்தேலா தண்ணீருக்குள் ஓடிவந்துகொண்டிருந்தாள். ஓட முடியாத ஆழம் வந்ததும் கையைக் காலை அடித்து நீந்தினாள். ஒரு சின்ன அலை முகத்தில் அறைந்தது. துப்பிவிட்டு மேலே வந்தாள். வந்த வேகத்தில் அசுனின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கரைப்பக்கம் இழுத்தாள்.

"வெளிய வாம்மா! தின்னுட்டு எறங்கினா செத்துருவ! வா!"

பார்த்தாயா, கடலில் நீந்திவிட்டாயே என்று சொல்ல அசுனின் வாய்வரை வந்தது. அதற்குள் வேறொன்று அவளுக்கு உறைத்தது.

"நீயும்தானடி பிஸ்கட் தின்ன?"

"ஆமா," என்று தேம்பினாள் காந்தேலா, இழுப்பதை நிறுத்தாமல். "அதான் சீக்கிரம் வெளிய வான்னு சொல்றேன்."