எறும்புக்கு வைத்த தண்ணீர்

மெஹ்ரினுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்ட மறுநாள் காலையில்தான் புனிதா அந்தப் பால் டின்னுக்குள் எட்டிப் பார்த்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள். டின்னில் பாதி தண்ணீர். தண்ணீருக்குள் நூல் துண்டுகளாகச் சின்னப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கின. அவள் நிழல் பட்டதும் நெளிந்து நெளிந்து அடியில் போய் ஒளிந்துகொண்டன.

மற்ற மூன்று டின்களையும் பார்த்தாள். அவற்றிலும் அதே நெளிச்சல். காளானுக்குத் தண்ணீர் தெளிக்கிற போத்தல் கையிலிருந்து நழுவி உருண்டு ஓடியது. அதை எடுக்கக்கூடத் தோன்றாமல் அங்கேயே குந்திவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு அறையில்தான் மெஹ்ரின் படுத்திருக்கிறாள். அவளுக்கு இது ஏழாவது மாதம்.

இந்தக் காளான் வீட்டுக்குள் நுழைந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் பழைய அடுக்குமாடி ஒன்றில் புனிதாவின் வீடு. கணவன் லோகனுக்குக் கிள்ளான் துறைமுகத்தில் வேலை. இருட்டோடு போய் இருட்டோடு வருகிறவன். ஒரே மகள் பினாங்கில் படிக்கிறாள். பகல் முழுக்கப் பேச ஆளில்லாமல் புனிதா மகளுக்குப் போன் மேல் போன் போட, அந்தப் பெண் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆன்லைனில் ஒரு சிப்பிக் காளான் பையை வாங்கி அனுப்பினாள். அம்மாவின் வாயை அடைக்க அவளுக்குத் தெரிந்த வழி அது.

பை என்றால் மரத்தூளும் தவிடும் கலந்து இறுக்கி அடைத்த பிளாஸ்டிக் பை. உள்ளே வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். மூடியைத் திறந்து நிழலில் வைத்து வேளாவேளைக்குத் தண்ணீர் தெளித்தால் போதும் என்று அட்டையில் போட்டிருந்தது. "மரத்தூளைப் போயி யாராச்சும் காசு குடுத்து வாங்குவாங்களா?" என்று மகளைத் திட்டிக்கொண்டேதான் தெளித்தாள். ஒரு வாரம் ஒன்றும் இல்லை. பிறகு பையின் வாயில் கடுகு கடுகாக ஏதோ தெரிந்தது. அடுத்தடுத்த நாள்களில் அது கொத்தாக விரிந்து உள்ளங்கை அகலத்துக்கு வந்து நின்றது. புனிதாவுக்குத் தலைகால் புரியவில்லை. கொத்தைத் திருகி எடுத்துக்கொண்டு நேராகப் பக்கத்து வீட்டுக்குத்தான் ஓடினாள்.

பக்கத்து வீடு பரீதாவுடையது. புனிதாவைவிட வயதில் மூத்தவள், கணவர் இல்லை. மகன் ஹாசிம் கிள்ளானில் ஒரு துணிக்கடையைப் பார்த்துக்கொள்கிறான். மெஹ்ரின் அவன் மனைவி. மாசமானதிலிருந்து அந்தப் பெண் வாயில் வைத்ததெல்லாம் வெளியே வந்துகொண்டிருந்தது. பரீதா அந்தக் காளானை மிளகு தட்டிப்போட்டுத் தண்ணீராக ஒரு குழம்பு, அவர்கள் வழக்கில் ஆணம், வைத்துக் கொடுத்தாள். மெஹ்ரின் ஒரு சட்டி ஆணத்தையும் குடித்துவிட்டு, "இன்னும் இருக்கா மாமி?" என்று கேட்டாளாம்.

இதற்குப் பிறகு புனிதாவைக் கையில் பிடிக்க முடியுமா? செலாயாங்கில் காளான் பை விற்கிற ஒருவரைத் தேடிப் பிடித்துப் பைகளை வாங்கிக் குவித்தாள். துணி துவைக்கிற பின்பக்கத்தில் ஓர் இரும்பு அலமாரியை நிறுத்தி அதில் அடுக்கினாள். தவிட்டு வாசனைக்கு எறும்பு வரிசை கட்டியது. எறும்பு வந்தால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்போம். அவளும் காலிப் பால் டின்கள் நான்கை எடுத்து, அலமாரியின் காலுக்கொன்றாக அடியில் கொடுத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டாள். எறும்பு நின்றது. ஊற்றியவள் அதை அத்தோடு மறந்தும் போனாள்.

மெஹ்ரின் சாயங்காலமானால் வந்துவிடுவாள். அலமாரி ஓரத்தில் பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தானே தண்ணீர் தெளிப்பாள். "ஆன்டி, இந்த மொட்டு நேத்து இல்ல!" என்று சின்னப் பிள்ளையாகக் கத்துவாள். பேசிக்கொண்டே குனிய முடியாமல் குனிந்து கணுக்காலைச் சொறிந்துகொள்வாள். அந்தச் சொறிதல்தான் இப்போது புனிதாவின் கண்முன் வந்து நின்றது.

தண்ணீரைக் கழிவறையில் கொட்டினாள். டின்களை நசுக்கிக் குப்பையில் போட்டாள். தரையைக் காய்ந்த துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள். அப்புறம் மனம் கேட்காமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"எப்படிக்கா இருக்கு மெஹ்ரினுக்கு?"

"அனலா கொதிக்குது. கீழ கிளினிக்ல காட்டினோம். சாதாரண காய்ச்சலாத்தான் இருக்கும், ரெண்டு நாள்ல விடலன்னா ரத்தம் எடுத்துப் பார்ப்போம்னாங்க" என்றாள் பரீதா. "ஏன் உன் மூஞ்சி இப்படிக் கெடக்கு? நீ பயப்படாதம்மா, அவ என் மருமக, இதுக்கெல்லாம் அசர மாட்டா" என்று சிரிக்க வேறு செய்தாள்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தாள். வாய் வரைக்கும் வந்தது. பரீதாவின் சிரிப்பைப் பார்த்ததும் திரும்ப உள்ளே போய்விட்டது.

அன்றைக்கு வேலை முடிந்து வந்த லோகன் சட்டையைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினாள். அவன் சாவதானமாகக் கேட்டான்.

"கொட்டிட்டல்ல? அப்புறம் என்ன? சும்மா இரு லா."

"அவளைக் கடிச்சிருந்தா?"

"கொசுவுக்கு ஐ.சி. கார்டு இருக்கா, பேரு விலாசம் பாக்க? எந்த வீட்டுல பொறந்துச்சுன்னு எவனுக்குத் தெரியும்? நீ போயி வாயத் தொறந்தா, நாளைக்கே சுகாதாரத்துறைக்காரன் வந்து சமன் எழுதி அபராதம் போடுவான். இருவது வருசமா அண்ணன் தம்பியாப் பழகுன வீடு, அதுவும் போச்சு."

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. தனக்கு வேண்டிய நியாயம் எந்தக் கழுதை வாயிலிருந்து வந்தாலும் மனசு வாங்கிக்கொள்ளும். சாதாரணக் காய்ச்சலாகக்கூட இருக்கலாமே, விட்டுவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லையே என்று புனிதா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாள் முழுக்கச் சுவரோடு காதை வைத்துக்கொண்டு நடமாடினாள். அந்தப் பக்கம் இருமினால் இவளுக்குத் தூக்கிப்போட்டது. காளான்கள் மட்டும் ஒரு கவலையுமில்லாமல் பைக்குப் பை விரிந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அதற்கு மறுநாள் காலையில் பரீதாவே வந்து கதவைத் தட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"காய்ச்சல் விட்டுருச்சு புனிதா! அல்ஹம்துலில்லாஹ். உடம்பு ஜில்லுன்னு இருக்கு. கொஞ்சம் காளான் குடு, அவளுக்கு ஆணம் வச்சுக் குடுக்கிறேன்."

புனிதாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கடவுளே, கடவுளே என்று வாய் முணுமுணுக்க, இருந்த கொத்துகளையெல்லாம் திருகித் திருகிப் பரீதாவின் கையிலிருந்த சட்டியில் போட்டாள். சட்டி நிரம்பி வழிந்தது. பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"பசிக்குதுங்கிறாளாக்கா?"

"எங்க? வயிறு வலிக்குதாம். ரெண்டு தடவை வாந்தி. எழுந்து நிக்க முடியாம அசந்து கெடக்கிறா. காய்ச்சல்ல கெடந்த உடம்புதானே, ரெண்டு நாள் ஆகும்."

புனிதாவின் கை அப்படியே நின்றது. காஜாங்கில் இருக்கிற அண்ணன் சுகுமாறனுக்கு டெங்கி வந்தபோதும் இப்படித்தான். காய்ச்சல் விட்டது என்று வீடே சந்தோசப்பட்ட அன்றைக்குத்தான் மனுசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறையில் சுருண்டு விழுந்தார். பிழைத்ததே பெரிய பாடு. வார்டில் இருந்த தாதி அப்போது சொன்னது இவளுக்கு மறக்கவே இல்லை. டெங்கியில் காய்ச்சல் அடிக்கிறபோது இருக்கிற பயத்தைவிட, காய்ச்சல் இறங்குகிறபோதுதான் பயம் அதிகம் என்றாள் அவள்.

"அக்கா, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்."

"காய்ச்சல் விட்டப்புறமா? உனக்கென்ன பைத்தியமா? சனிக்கிழமை ஹாசிம் லீவு போட்டுக் கூட்டிட்டுப் போவான்."

"ரத்தம் எடுத்துப் பாத்துருவோம்க்கா. டெங்கியா இருந்தா..."

"டெங்கியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நம்ம புளோக்குல யாருக்கு டெங்கி? வாயக் கழுவு."

பரீதா சட்டியோடு திரும்பினாள். இனி இந்த அம்மாவை அசைக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அது தன்னிடம்தான் இருக்கிறது. அதைச் சொன்னால் இந்த வாசலில் இனி இந்தச் சிரிப்பு வராது. சொல்லாவிட்டால் மெஹ்ரின் சனிக்கிழமை வரைக்கும் படுத்திருப்பாள்.

"அக்கா, நில்லுங்க. என் வீட்டுல ஜெந்திக் இருந்துச்சு."

பரீதா திரும்பிப் பார்த்தாள்.

"கொசுப்புழுக்கா. இந்த அலமாரிக் காலுக்கு எறும்பு ஏறாம தண்ணி வச்சேன். நாலு டின்னுலயும் நெளிஞ்சுச்சு. மெஹ்ரின் இங்கதானே தினமும் உக்காந்திருந்தா." அலமாரியின் காலைக் காட்டினாள். "அது டெங்கிதான்க்கா. எனக்குத் தெரியும். காய்ச்சல் விட்டா நல்லதுன்னு நினைக்காதீங்க."

பரீதா கத்தவில்லை. சட்டியை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"எப்பப் பாத்த?"

"முந்தாநாள்."

"முந்தாநாள் பாத்துட்டு இன்னிக்குச் சொல்றியா?"

பரீதா ஓடினாள், இவளும் பின்னால் ஓடினாள். மெஹ்ரினை ஆளுக்கொரு பக்கம் தாங்கி லிப்டில் இறக்கி, வாடகைக் காரில் ஏற்றினார்கள். வழி முழுக்க மெஹ்ரினின் கை ஈரமாக, குளிர்ந்து கிடந்தது. வயிற்றுக்குள் பிள்ளை அசைகிறதா என்று பரீதா கை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். புனிதா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

டெங்கிதான். ரத்தத்தில் தட்டணுக்கள் கிடுகிடுவென்று இறங்கியிருந்தன. மெஹ்ரினை உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். கிள்ளானிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்த ஹாசிம், வார்டு வாசலில் அத்தனை பேர் முன்னால் புனிதாவைப் பிடித்துக்கொண்டான்.

"காளான் வளக்கிறீங்களா ஆன்டி, காளான்? உங்க வெளையாட்டுக்கு என் பொண்டாட்டி புள்ளதான் கெடைச்சாங்களா? இனி இந்தப் பக்கம் வராதீங்க!"

நின்ற இடத்திலேயே நின்று கேட்டுக்கொண்டாள். இன்னும் நான்கு வார்த்தை சேர்த்துத் திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கிளம்பும்போது பரீதா பின்னால் வந்து வீட்டுச் சாவியை நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை. "அவளுக்கு மாத்துத் துணி வேணும். அவசரத்துல அடுப்ப அணைச்சேனான்னு தெரியல, அதையும் பாரு" என்றாள். வேறு யாரிடம் கொடுப்பாள், பாவம்.

அடுப்பு அணைந்துதான் இருந்தது. புனிதா குசினியைவிட்டுத் திரும்பும்போது மூலையில் இருந்த சாப்பாட்டு அலமாரி கண்ணில் பட்டது. கம்பிவலைக் கதவு போட்ட பழைய மர அலமாரி. அதன் நான்கு காலும் நான்கு பீங்கான் கிண்ணங்களில் நின்றன.

முட்டி போட்டுக் குனிந்தாள். கைப்பேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். அவள் டின்களில் இருந்ததைவிட இங்கே கூட்டம் அதிகம். உரித்த தோல்கள் மிதந்தன. பாதி கொசுவாகிப் பறந்தும் போயிருக்க வேண்டும். கிண்ணங்களுக்கு நேர் எதிரே திறந்த கதவு. கதவுக்கு உள்ளே மெஹ்ரின் படுத்திருந்த கட்டில்.

முதலில் வந்தது சந்தோசம்தான். அப்பாடா, நான் மட்டும் இல்லை என்று நெஞ்சு குதித்தது. ஹாசிமின் முகத்துக்கு நேரே இதைக் காட்ட வேண்டும் போல ஒரு வெறி. ஒரு கிண்ணத்தைப் படம்கூட எடுத்துவிட்டாள். அனுப்புகிற இடத்துக்கு விரலும் போய்விட்டது. அப்போது வார்டு வாசல் நாற்காலியில் பரீதா தனியாக உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. உள்ளே கிடக்கிற பெண்ணுக்கு ஒன்று ஆகிவிட்டால், இந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மா மிச்ச நாளை எப்படிக் கழிப்பாள்? இந்த மூன்று நாளாக அது எப்படி இருக்கும் என்று புனிதாவைவிடத் தெரிந்தவர்கள் யார்?

படத்தை அழித்தாள். கிண்ணங்களைக் கொட்டினாள், சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள், சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்தாள். துணிகளை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினாள்.

அடுத்து வந்த நாள்கள் எப்படிப் போயின என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஹாசிமின் கண்ணில் படாமல் லிப்ட் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து யார் வந்தாலும் எழுந்து நின்றாள். தட்டணுக்கள் இன்னும் இறங்கின என்றார்கள். ஒரு முறை பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்க யாரோ ஒரு கருவியைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அந்த நேரத்தில் தெரிந்த சாமி, தெரியாத சாமி, பரீதாவின் அல்லாஹ் என்று ஒருவர் பாக்கியில்லாமல் கூப்பிட்டுவிட்டாள். பிறகு ஒரு காலையில் அணுக்கள் இறங்குவது நின்று, ஏற ஆரம்பித்தன. பிள்ளையும் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதாகத் தாதி வந்து சொன்னாள். புனிதா நாற்காலியிலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் பரீதா வெளியே வந்தாள். நாலைந்து நாளில் பத்து வயது கூடியிருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே பேசினாள்.

"புனிதா, எங்க குசினி அலமாரிக் காலுக்கும் நான் தண்ணி வச்சிருந்தேன். இங்க உக்காந்திருக்கிறப்பத்தான் நினைப்பு வந்துச்சு." குரல் தாழ்ந்து கிட்டத்தட்டக் கேட்காமல் போனது. "நீ துணி எடுக்கப் போனப்ப பாத்தியா? அதுல எதுவும் இருந்துச்சா?"

உண்மையைச் சொல்ல அவ்வளவு தடுமாறியவளுக்குப் பொய் தடங்கலில்லாமல் வந்தது.

"பாத்தேன்க்கா. நாலும் காஞ்சு கெடந்துச்சு."

பரீதா கண்ணை மூடி மூச்சை விட்டாள். அல்ஹம்துலில்லாஹ் என்று உதடு அசைந்தது. கண்ணைத் திறந்தபோது அதில் பழைய கோபம் வந்திருந்தது.

"அப்ப உன் வீட்டுலருந்துதான்" என்றாள்.

"ஆமாக்கா" என்றாள் புனிதா. "என் வீட்டுலருந்துதான்."