உடன்பிறந்தோரும் கைவிட்டனர்

1

இந்தக் கதை நான் எழுதிய ஒரு மனுவிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். சங்கரன்கோவிலில் விசைத்தறிக்கூடங்கள் இருக்கும் தெரு ஒன்றில் ஒரு குடும்ப உதவி மையம் இருக்கிறது. ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, பிள்ளைக்கு விடுதியில் இடம் கேட்பது, குடித்துவிட்டு அடிக்கும் புருஷனைக் கூப்பிட்டுப் பேசுவது எல்லாம் அங்கே நடக்கும். வியாழக்கிழமைதோறும் நான் போய் மனு எழுதிக் கொடுப்பேன். கதை எழுதுகிறவன் என்பதால் என் மனுக்களுக்குத் தனி மவுசு. அந்த மவுசுதான் வினை.

('அன்று வானம் மேகமூட்டமாக' என்று தொடங்கிப் பார்த்தேன். இந்த ஊரில் என்றைக்கு மேகம் வந்து நின்றது? அடித்துவிட்டேன்.)

2

இசக்கிசெல்வியின் புருஷன் விட்டுவிட்டுப் போய் ஆறு வருஷம். ஆதரவற்ற பெண்களுக்கு அரசாங்கம் தரும் தையல் மிஷினுக்கு மனு எழுத வந்தாள். அழைத்துவந்தவர் அவளுடைய அண்ணன் சுடலைமணி, தறி ஓட்டுகிறவர். ஆறு வருஷமாக அவள் வீட்டு அரிசி, மகளின் பள்ளிக்கூடம், காய்ச்சல், தலைவலி எல்லாம் அவர் பொறுப்பு. [இவரைக் கொஞ்சம் முரடராகக் காட்டினால் என் குற்றம் குறையும். அதற்காகவே வேண்டாம்.]

"மிஷின் வந்துட்டா இவ தன் கால்ல நின்னுக்கிடுவா அண்ணாச்சி. நல்லா அழுத்தி எழுதுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

அழுத்தி எழுதினேன். 'கணவர் கைவிட்டார்' என்பதோடு நிறுத்தியிருக்கலாம். மொட்டையாக நின்றதுபோல் இருந்தது. 'உடன்பிறந்தோரும் கைவிட்டனர்' என்று சேர்த்தேன். எழுதிய கையோடு, ஆகா என்று எனக்கே தோன்றியது. சீ.

கையெழுத்து வாங்கும் முன் மனுவைச் சத்தமாக வாசித்துக் காட்டுவது மையத்தின் வழக்கம். வாசித்தேன். எனக்கு நல்ல குரல். இசக்கிசெல்வி தலையாட்டினாள், கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து பார்த்தால் பெஞ்ச் காலி. அவருடைய வண்டியையும் காணோம்.

3

மிஷின் வந்துவிட்டது. அண்ணன் அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. போன வியாழக்கிழமை அவள் மையத்துக்கு வந்தாள்.

"அந்த வரி வேண்டாம்னு நீ அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?" என்றேன். பழியில் பாதியை அவள் பக்கம் தள்ளப் பார்த்தேன், வேறென்ன.

"மனுன்னா அப்படித்தான் எழுதணும் போலன்னு நெனச்சேன் அண்ணாச்சி."

"அண்ணங்கிட்ட எடுத்துச் சொன்னியா?"

"சொன்னேன். 'பேப்பர்ல உன் கையெழுத்து கெடக்குல்லா'ங்கான்." அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே பேசினாள். "மவளுக்கு ஞாயித்துக்கெழம சடங்கு. தாய்மாமன் வந்துதான மால போடணும். மாமா வரலைன்னா பந்தல்ல உக்கார மாட்டேங்கா. எழுதின நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா அவன் நம்புவான்."

வருகிறேன் என்றுதான் சொன்னேன்.

4

முடிவு ஒன்று: நான் தறிக்கூடத்துக்குப் போகிறேன். 'அது என் கைச்சரக்கு' என்கிறேன். அவர் கண் கலங்கி—

(பொய். நேற்று வாசல்வரை போனேன். தறிச் சத்தத்தில் பேச முடியாது என்று திரும்பிவிட்டேன். டீ குடிக்க அவர்கள் வெளியே வருவார்கள் என்பது எனக்குத் தெரியும்.)

முடிவு இரண்டு: ஞாயிறு காலை அவரே மனம் மாறி, சீர்த்தட்டோடு தங்கை வீட்டு

(வேண்டாம். அவர் மன்னிப்பதை நானே எழுதிக்கொள்வது அயோக்கியத்தனம்.)

என்ன பயம் எனக்கு? அண்ணாச்சி பொய் கலந்து எழுதுவார் என்று மையத்தில் பேசுவார்கள். அவ்வளவேதான். இந்த அற்பப் பயத்துக்காக ஒரு பிள்ளையின் சடங்கைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

5

இன்று சனிக்கிழமை. 'அவரைத் தெரிந்தவர்கள் யாராவது சொல்லிவிடுங்கள், அந்த வரி அவள் சொன்னதல்ல' என்று உங்களிடம் கேட்டு முடிக்கத்தான் நினைத்திருந்தேன். உங்களாலும் முடியாது. எல்லாப் பெயர்களையும் மாற்றிவிட்டேன், அவர்களுடைய நல்லதுக்கு என்று சொல்லிக்கொண்டு.

நீங்கள் இதை வாசிக்கும்போது அந்த ஞாயிறு கழிந்திருக்கும். நான் போனேனா இல்லையா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னைப் பற்றி இவ்வளவு படித்த பிறகு என்ன எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.