பத்து மணி விலை

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை பல வருடங்களாக எனக்குள் ஊறிக்கிடந்தது என்றெல்லாம் கதை விட மாட்டேன். போன செவ்வாய்க்கிழமை வரை இது எங்கேயும் இல்லை. அன்று வார இதழ் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். ‘பொருளாதார மீட்சி சிறப்பு மலர்’ போடுகிறார்களாம். நாற்பது பக்கம். அதில் முப்பத்தெட்டுப் பக்கத்துக்கு விளம்பரம் வந்துவிட்டது. மீதி இரண்டு பக்கத்துக்கு இலக்கியம் வேண்டும்.

“மக்கள் மறுபடியும் சிரிக்கிற மாதிரி ஒண்ணு எழுதுங்க. அழுகை வேணாம். நம்பிக்கையா முடியணும்,” என்றார்.

“எந்த மக்கள் சார்?”

“பொதுவா மக்கள்.”

சன்மானம் எவ்வளவு என்று சொன்னார். பொதுவான மக்கள் மீது எனக்கு உடனே நம்பிக்கை பிறந்தது.

2.

தொடக்கம் ஒன்று: “இருள் விலகியது. கடைவீதியில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக…”

[நிறுத்திவிட்டேன். எங்கள் கடைவீதியில் மொத்தம் பதினொரு ஷட்டர். அதில் ஏழு இரண்டு வருடமாகத் திறக்கவில்லை. துருப்பிடித்த பூட்டை வைத்துக்கொண்டு இருளை எங்கே விலக்குவது?]

தொடக்கம் இரண்டு: “கணவனுக்குப் புது வேலை கிடைத்த செய்தி கேட்டு அவள்…”

[என்ன வேலை என்று அரை மணி நேரம் யோசித்தேன். கற்பனையில்கூட ஒரு காலியிடம் தென்படவில்லை.]

தொடக்கம் மூன்று: “ஒவ்வொரு மாதமும் இரண்டாவது புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பெண் அந்தப் பெரிய கடைக்குள் நுழைவாள். அவள் நுழைந்ததும் விலை குறையும்.”

இது நிற்கும். ஏனென்றால் அவளுக்குப் பின்னால் கூடையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களில் நானும் ஒருவன்.

3.

அவளுடைய வேலை விலை எழுதுவது. புள்ளிவிவர அலுவலகத்தில் ஒப்பந்தப் பணி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேலதிகாரி மனது வைத்துப் புதுப்பிக்க வேண்டும். மாதம் ஒரு நாள், படிவம் செருகிய அட்டையோடு, பட்டியலில் உள்ள கடைகளுக்குப் போய் சர்க்கரை, சோப்பு, முட்டை, சமையல் எண்ணெய் என்று இருபத்திரண்டு பொருள்களின் விலையைக் குறித்துக்கொண்டு வருவாள். அதை வைத்துத்தான் விலைவாசி ஏறியதா இறங்கியதா என்று அரசாங்கம் சொல்லும். விதி ஒன்றே ஒன்று: நீ நிற்கும்போது அலமாரியில் என்ன ஒட்டியிருக்கிறதோ அதை எழுது. கேள்விப்பட்டதையோ நேற்று நீயே கொடுத்து வாங்கியதையோ எழுதாதே. பதினோரு வருடத்தில் அவள் இந்த விதியை ஒரு தடவைகூட மீறியதில்லை. தெருவில் அவளுக்கு ‘விலைக்காரம்மா’ என்று பெயர்.

முன்பு பட்டியலில் எட்டுக் கடைகள் இருந்தன. ஆறு மூடிவிட்டன. ஒன்றை வள்ளல் வாங்கி மூடினார். மிச்சம் இருப்பது வள்ளலின் பெரிய கடை. ஆக, ஊரின் விலைவாசி என்பது இப்போது வள்ளல் கடையில் ஒட்டியிருப்பதுதான்.

வள்ளல் என்பது பட்டப்பெயர். ஆளுங்கட்சியின் மாநாட்டு மேடையிலிருந்து வேட்பாளர் காருக்கு பெட்ரோல் வரைக்கும் அவர் செலவு. எதிர்க்கட்சிக்கும் கொஞ்சம் கொடுப்பார், பாவம், அவர்களும் மனிதர்கள்தானே. தேர்தலுக்கு நான்கு மாதம் இருக்கும்போது நிதியமைச்சர் ஒரு வாக்குக் கொடுத்தார்: தொடர்ந்து மூன்று மாதம் விலை குறைந்தே இருந்தால் நாடு மீண்டுவிட்டதாக அறிவிக்கப்படும். அடுத்த மாதமே வள்ளல் கடையில் விலை குறைய ஆரம்பித்தது. இரண்டாவது புதன்கிழமை, பத்து மணியிலிருந்து சுமார் பதினொன்று வரைக்கும்.*

* பதிலுக்கு வள்ளலுக்கு என்ன கிடைக்கும்? பழைய பேருந்து நிலைய நிலம், தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகை. இதைக் கதைக்குள் வைத்தால் பிரச்சாரம் என்பார்கள். அடிக்குறிப்பில் வைத்தால் ஆராய்ச்சி.

இன்னொரு விஷயமும் உண்டு. மீட்சி அறிவிக்கப்பட்ட அன்றே, வேலை இழந்தோருக்கான உதவித்தொகை நின்றுவிடும். மீண்டுவிட்ட நாட்டில் வேலை இழந்தவர் எப்படி இருக்க முடியும்? அவள் கணவன் வேலை பார்த்த பேட்டரித் தொழிற்சாலை இரண்டு வருடத்துக்கு முன் மூடியது. அவர்கள் வீட்டு வாடகையே அந்த உதவித்தொகையில்தான் போகிறது.

4.

முதல் மாதம் அவளுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. எண்ணெய் 182 இருந்தது, 139 ஆகியிருந்தது. நல்லதுதானே என்று எழுதிவிட்டுப் போனாள். இரண்டாவது மாதம் குடையை மறந்துவிட்டு வெளியே போய், பஸ் நிறுத்தத்தில் நினைவு வந்து, இருபது நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

எண்ணெய் அலமாரி முன்னால் விலைச்சீட்டு ஒட்டுகிறவர் குந்தியிருந்தார். அவள் கணவனோடு பேட்டரித் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் ஒரே ஷிப்டில் இருந்தவர். 139-ஐ நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். அடியில் 182 பத்திரமாக இருந்தது.

“என்ன அண்ணே, அதுக்குள்ள ஏறிடுச்சா?”

“ஏறல அண்ணி. எறங்கவே இல்ல. நீங்க வர்றப்ப மட்டும் குனிஞ்சு நிக்குது.”

“யாரு சொல்லி?”

“மேலேருந்து. நீங்க உள்ள இருக்கிற வரைக்கும் சீட்டத் தொடக்கூடாது. வாசல் தாண்டினதும் ஒரு நிமிஷம் லேட்டாகக் கூடாது.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “என் சம்சாரமும் நீங்க வர்ற நேரம் பாத்துத்தான் வாங்குறா அண்ணி,” என்றார்.

அவளுக்குக் காது சூடேறியது. பதினோரு வருட நேர்மையை யாரோ காலுக்கு மிதியடியாகப் போட்டுத் துடைத்துக்கொண்டதுபோல் அவமானமாக இருந்தது. குடையை எடுக்காமலே வீட்டுக்குப் போனாள்.

கணவன் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னாள்.

“நான் பொய் எழுதலைங்க. ஒட்டியிருந்தத எழுதினேன்.”

“பொய்னு நான் சொல்லலையே.”

“உங்க மூஞ்சி சொல்லுது.”

“மூஞ்சி ரெண்டு வருஷமா இப்படித்தான் இருக்கு.” கத்தியைக் கீழே வைத்தான். “அடுத்த மாசமும் இதையே எழுதினா என் உதவித்தொகை போயிடும். எழுதலைன்னா உன் வேலை போயிடும். எது போனா வாடகைக்குப் பரவாயில்லன்னு நீயே யோசி.”

“ரெண்டும் போகாம ஒரு வழி இல்லையா?”

“இருக்கு. கடைக்குப் போற வழியில காணாமப் போயிடு.”

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவளுக்கு அழுகை வந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டாள்.

5.

இதுவரை எழுதியதை ஆசிரியருக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் கூப்பிட்டார்.

“பிரமாதம். கண்ணு கலங்கிடுச்சு. கடை மட்டும் வேணாம்.”

“கடை இல்லாம எப்படி சார்?”

“கடைசி அட்டை விளம்பரம் யாருதுன்னு உங்களுக்கே தெரியும். செருப்புக் கடையா மாத்திடுங்களேன்.”

முயன்றுதான் பார்த்தேன். “அவள் செருப்புக் கடைக்குள் நுழைந்தாள். பின்னாலேயே ஒரு கூட்டம் கூடையோடு நுழைந்து, கிடைத்த செருப்பையெல்லாம் அள்ளி…” [படித்தால் ஊரே நாட்டை விட்டு ஓடத் தயாராவதுபோல் இருந்தது. ஆசிரியரிடம் சொன்னேன். ‘ஐயோ, அதுவும் வேணாம்’ என்றார்.]

கடையைக் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமையடித்துக்கொள்ள ஆசைதான். ஆனால் முதல் பிரதியில் வள்ளலுக்குத் தொப்பை இருந்தது. ஒரு மைத்துனரும் அமைச்சராக இருந்தார். இரண்டையும் எடுத்துவிட்டேன். சன்மானத்தில் பாதி முன்பணமாக வந்திருந்தது.

6.

மூன்றாவது மாதம், இரண்டாவது புதன்கிழமை. விஷயம் அதற்குள் தெருத்தெருவாகப் பரவிவிட்டது. ஒன்பதே முக்காலுக்கே கடை வாசலில் அறுபது பேர். அவள் வந்ததும் வழிவிட்டார்கள். அவளுக்குப் பின்னால் மந்திரிக்குப் பின்னால் போகிற கூட்டம்போல் போனோம். நான் மூன்று பாட்டில் எண்ணெய் எடுத்தேன்.

அவள் இருபத்தொரு பொருளுக்கு விலை எழுதி முடித்தாள். கடைசியாக எண்ணெய் அலமாரி முன்னால் வந்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். சற்றுத் தள்ளி ஒட்டுகிறவர் 139-ஐ உரிப்பதற்காக நகத்தைத் தேய்த்துக்கொண்டு காத்திருந்தார்.

“அண்ணி, மணி பதினொண்ணு.”

“தெரியும் அண்ணே.”

“ஒத்தக் கட்டம்தானே பாக்கி.”

“ஆமா. இன்னும் பாத்துக்கிட்டிருக்கேன். வயசாயிடுச்சுல்ல கண்ணுக்கு.”

அவர் அவளைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கூடை நிறைய சோப்பு வைத்திருந்த ஒரு பெண்ணுக்குத்தான் முதலில் உறைத்தது. “அப்ப இவங்க போற வரைக்கும் இதே விலையா?”

“போற வரைக்கும்,” என்றார் அவர், யாரையும் பார்க்காமல்.

அந்தப் பெண் பக்கத்துப் பிரிவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். “உக்காருங்கம்மா. அவசரமில்லாம நிதானமாப் பாருங்க.”

பன்னிரண்டு மணிக்கு முந்நூறு பேர். மேலாளர் வியர்த்துக்கொண்டே வந்தார். காதில் தொலைபேசி, மறுமுனையில் வள்ளல் கத்துவது எங்களுக்கே கேட்டது.

“மேடம், ஏசி ரூம்ல உக்காந்து எழுதலாமே?”

“அலமாரி முன்னாடி இருந்துதான் எழுதணும் சார். விதி.”

“அப்ப எழுதிடுங்களேன்.”

“பாத்துட்டு எழுதறேன்.”

அவளை வெளியே அனுப்பவும் முடியாது. கையெழுத்துப் போட்ட படிவம் போகாவிட்டால் மூன்றாவது மாதம் கிடையாது. ஒரு மணிக்கு எண்ணெய் தீர்ந்துபோனது. அலமாரியில் பொருள் இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். ‘இல்லை’ என்பது விலைக் குறைவில் சேராது. எனவே வள்ளல் கிடங்கிலிருந்து ஒரு லாரி எண்ணெய் இறக்கினார். அது தீர்ந்தது. இன்னொரு லாரி. நாட்டு மக்களுக்காக அவர் உண்மையிலேயே கைக்காசைச் செலவழித்தது அன்றைக்குத்தான்.

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. அட்டையை மடியில் அழுத்தி வைத்துக்கொண்டாள். கழிப்பறைக்குப் போக வேண்டும்போல் இருந்தது. வாசல் தாண்டாமல் போக முடியாது என்று தெரிந்ததும் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டாள். ஆனாலும் பதினோரு வருடத்தில் முதல்முறையாக, தான் பார்க்கிற விலையும் ஊர் கொடுக்கிற விலையும் ஒன்றாக இருப்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

மூன்று மணிக்கு அவளைத் தேடிக்கொண்டு கணவன் வந்தான்.

“எப்ப வருவ?”

“தெரியலைங்க.”

அவன் நாற்காலியைப் பார்த்தான், தரையில் உட்கார்ந்திருந்த பழைய சிநேகிதரைப் பார்த்தான். புரிந்துகொண்டான். “சரி. வந்ததுக்கு ஒரு எண்ணெய் எடுத்துக்கறேன்.”

“வரிசையில நில்லுங்க. எல்லாரும் நிக்கிறாங்கல்ல.”

வாசலுக்கு வெளியே, மூடிய கடைகளைத் தாண்டி வரிசை போயிருந்தது. அவன் கடைசியில் போய் நின்றான்.

7.

முடிவுகள்.

(அ) ஆசிரியருக்குப் பிடித்தது: அவள் 139 என்று எழுதுகிறாள். மீட்சி அறிவிக்கப்படுகிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள். கணவனுக்கு அதே கடையில் வேலை கிடைக்கிறது, விலைச்சீட்டு உரிக்கிற வேலை.

(ஆ) உங்களில் சிலருக்குப் பிடித்தது: அவள் 182 என்று எழுதி நிமிர்ந்து நடக்கிறாள். நீங்கள் கைதட்டுகிறீர்கள். அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அதே படிவத்தில் வேறு ஒருத்தி 139 எழுதுகிறாள்.

(இ) எனக்குப் பிடித்த முடிவில் வள்ளல் மனம் திருந்தி… [மன்னிக்கவும்.]

வேறு வழியில்லாமல் அவளிடமே போனேன். கூடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, இதைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னேன்.

“என்ன எழுதப் போறீங்க?” என்றாள்.

“நீங்க என்ன எழுதறீங்களோ, அதைப் பாத்துத்தான்.”

அவள் என் கூடையை எட்டிப் பார்த்தாள். “எனக்கு ஒரு கட்டம்தான் சார் கொடுத்திருக்காங்க. உங்களுக்கு எத்தன பக்கம்?”

“ரெண்டு.”

அவள் மறுபடியும் அலமாரியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். தொப்பையையும் மைத்துனரையும் நினைத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. மூன்று பாட்டிலுக்கும் 139 வீதம் கொடுத்துவிட்டு வந்தேன்.

8.

நாலு மணிக்கு ஆசிரியர் கூப்பிட்டார். முடிவு இல்லை என்றேன்.

“பரவாயில்ல. மிச்ச எடத்துல விளம்பரம் போட்டுக்கறேன்,” என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. இலக்கியத்தைவிட விளம்பரத்துக்கு வருமானம் அதிகம்.

அதனால் இடம் போவதற்குள் சொல்லிவிடுகிறேன். அவள் இன்னும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறாள். அந்தக் கட்டத்தை நான் நிரப்பப் போவதில்லை, என்னை விலைக்கு வாங்கியாகிவிட்டது. நீங்கள் நிரப்புங்கள். 139 எழுதினாலும் சரி, 182 எழுதினாலும் சரி, எழுதிய உடனே அவள் எழுந்துகொள்ள வேண்டும். அவள் வாசலைத் தாண்டியதும் ஒட்டுகிறவர் எழுந்து சீட்டை உரிக்க வேண்டும். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வரிசையில் கடைசியாக நிற்கிறவனிடம் அப்போது 182 கேட்பார்கள். அவன் சட்டைப்பையில் நூற்றைம்பது இருக்கிறது.

எண்ணெய், ஒரு லிட்டர்: ……………