சளிப்பழ மரத்துக்கு மேற்கே

என் அண்ணன் இளவழகன் சென்னையில் வங்கி அதிகாரி. ஊருக்கு வந்தால் வரப்பில் ஷூவோடுதான் நடப்பான், ஏதோ மண்ணுக்கு உபகாரம் செய்வதுபோல. தன் பிள்ளைக்கு டப்பாவில் அடைத்த புளூபெர்ரி வாங்கித் தருவதை வந்ததிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டான். மூன்று தடவையும் அம்மா "அப்பிடியா" என்றாள்.

நிலத்தை அளக்கும் நாளில் பேச ஒரு ஆள் வேண்டும் என்று அவனை வரவழைத்தது நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை போகும் சாலையோரம் எங்களுக்கு நாற்பது சென்ட் இருக்கிறது. எங்கள் வம்சத்திலேயே முதன்முதலாக நிலம் என்று ஒன்றை வாங்கியவர் நைனாதான். அவர் போன பிறகு அம்மா அதில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டு வருகிறாள். பக்கத்து நிலத்தை வாங்கி பிளாட் போடும் பச்சைமுத்து, சர்வேயரைக் கூட்டிக்கொண்டு அளக்க வந்தான். எல்லைக் கல்லைக் காணவில்லை. அது எங்கே போனது என்று அவனுடைய ஜேசிபியைத்தான் கேட்க வேண்டும்.

ஆகவே பத்திரத்தைப் பிரித்தார்கள். கிழக்கு எல்லை 'நறுவிலி மரம்' என்று இருந்தது. எனக்கு அந்தப் பெயரே புதிது. அங்கே நின்றதோ இரண்டு மரம். முதலில் ஒரு அழிஞ்சில், அதற்குக் கிழக்கே பன்னிரண்டு அடி தள்ளி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் எங்கள் போர்வெல். அது கைவிட்டுப் போனால் மல்லாட்டையும் போயிற்று.

"இதுல நறுவிலி எது?" என்றார் சர்வேயர்.

"இதான் சார்" என்று பச்சைமுத்து அழிஞ்சிலைத் தட்டிக் காட்டினான். தென்னையும் மாவும் தவிர மற்றதெல்லாம் அவனுக்கு அடுப்பு விறகு. தலைக்கு மேல் கறுத்துத் தொங்கிய அழிஞ்சில் பழத்தை அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அது இல்ல சார்" என்று அம்மா முன்னால் வந்தாள். "தோ, அந்த மூக்குச்சளி…"

"அம்மா, சும்மா இரு!" அண்ணன் பல்லைக் கடித்தான். "ஆபீசர் முன்னாடி இன்னா பேச்சு இது?"

சர்வேயர் அவன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். அது இன்னா மரம்?"

"தெரியல சார். ஏதோ காட்டு மரம். நான் சின்ன வயசுலயே மெட்ராஸ் போய்ட்டேன்."

பிளஸ் டூ வரைக்கும் செஞ்சியில் படித்தவன். பரீட்சை விண்ணப்பத்தில் அவன் போட்டோவை அம்மா ஒட்டியதே இந்தச் சளிப்பழத்தைப் பிதுக்கித்தான். பெயர் அசிங்கமாம், துரைக்கு வாயில் வரவில்லை. நிலம் போனாலும் பரவாயில்லை, மானம் போகக்கூடாது! எனக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது.

அம்மா கிழக்கு மரத்தடிக்குப் போய் ஒரு பழத்தைப் பறித்துப் பிதுக்கினாள். பசை இரண்டு விரலுக்கும் நடுவில் நூலாக இழுத்தது. அந்தக் கையை அப்படியே சர்வேயரிடம் நீட்டினாள்.

"பத்திரம் எழுதுனவரு நறுவிலின்னு எழுதிட்டாரு சார். எங்க வாயில மூக்குச்சளிப்பழம். உங்க ஊர்ல இன்னா சொல்லுவீங்களோ."

சர்வேயர் சிரித்துவிட்டார். "மண்டகப்பட்டுலயும் மூக்குச்சளிதாம்மா. எங்க தாத்தா ஒருத்தருதான் நறுவிலின்னுவாரு." தானே ஒரு பழத்தைப் பறித்துத் தின்று, கொட்டையைத் துப்பிவிட்டு, அந்த மரத்தடியில் கல்லை நடச் சொன்னார். பச்சைமுத்து, அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு காரை நோக்கிப் போனான்.

அண்ணனுக்கு இப்போது முகம் தெளிந்துவிட்டது. "சூப்பர்மா" என்று கைக்குட்டையை நீட்டினான். "கையத் தொடச்சிக்க."

அம்மா அதை வாங்கவில்லை. விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க கெளம்புங்க சார்" என்றாள் அவனிடம். "சின்ன வயசுலயே மெட்ராஸ் போனவங்க. இந்த வெயிலு உங்களுக்குத் தாங்காது."