காலால் அடித்த தப்பு

“தப்பக் குடு புள்ள, நான் போயிர்றேன்” என்றார் மாடசாமி. வாசற்படியைத் தாண்டி அவர் உள்ளே வரவில்லை. பெஞ்சில் கிடத்தியிருந்த தம்பியின் முகத்தையும் பார்க்கவில்லை. மூலையில் சாய்த்து வைத்திருந்த தப்பு மேளத்தின் மேலேயே அவர் கண் இருந்தது.

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பாப்பம்மா பாதியில் நிறுத்தினாள். பத்து வருஷமாகப் பேசாத புருஷனின் அண்ணன் இன்றைக்கு வாய் திறந்தது இதைக் கேட்கத்தானா? அவளுக்கு அழுகை போய்க் கோபம் வந்தது. எழுந்து போய்த் தப்பை எடுத்து மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

“தர மாட்டேன் மாமா. மொதல்ல இது அவருக்கு முன்னால சத்தம் போட்டுக்கிட்டுப் போகணும். பொறகு நீங்களே வச்சிக்கங்க.”

“போகணும்னா? யாரு அடிக்கப் போறா?”

பலாபத்வலவுக்கு மேலே உள்ள அந்த ரப்பர்த் தோட்டத்தில் யார் செத்தாலும் தப்படிப்பது மாடசாமியின் செட்டுத்தான். அன்று காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்திலேயே அவர் சொல்லிவிட்டார். “தனியா அடிச்சவன் தனியாவே போகட்டும். எங்க ஆளு ஒருத்தனும் கை வைக்க மாட்டான்.” சொன்னபடியே அவருடைய ஆட்கள் மூன்று பேரும் லய வீட்டு வரிசைக்கு எதிரே பலா மரத்தடியில் வெற்றிலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாவு வீட்டுக்கு வந்த மாதிரியும் இருக்க வேண்டும், வராத மாதிரியும் இருக்க வேண்டும் என்ற உட்காரல் அது.

தப்புச் சத்தம் இல்லாமல் போகிற பிணத்தை அநாதைப் பிணம் என்பார்கள். ஊரெல்லாம் சிரிக்கவும் அழவும் வைத்த மனிதன் அப்படிப் போவதா?

அழகமுத்துவும் ஒரு காலத்தில் அந்தச் செட்டில் இருந்தவன்தான். ரப்பர் மலையில் பாறை உருண்டு இடது கால் முறிந்தது. கால் கூடியது, ஆனால் ஓர் இம்மி பிந்தித்தான் தரையில் விழுந்தது. தப்படிக்கிறவனுக்குக் கையும் வேண்டும், காலும் வேண்டும். நாலு பேரும் ஒரே மாதிரி எட்டு வைத்து ஆட வேண்டும். பெரிய கங்காணி செத்த அன்று அழகமுத்துவின் எட்டு பிந்தியது, கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மாடசாமி அத்தனை பேருக்கும் முன்னால், “நீ ஒதுங்கி நில்லுடா” என்றார்.

அழகமுத்து ஒதுங்கினான். செட்டுத் தப்பையும் தூக்கிக்கொண்டு ஒதுங்கினான். அடுத்த மாதம் பலாபத்வல ஞாயிற்றுச் சந்தையில் அவனைப் பார்த்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தப்பு முதுகில் தொங்கியது. அதை அடிக்கும் குச்சியிலிருந்து ஒரு கயிறு இறங்கி இடது குதிகாலில் கட்டியிருந்தது. வலது முழங்காலில் ஜால்ரா. கழுத்தில் குடைக்கம்பியை வளைத்து மாட்டிய மவுத் ஓர்கன். கையில் இரண்டு தந்தி இல்லாத கிட்டார். வலது காலை வைத்தால் டிங். இடது காலை வைத்தால், ஓர் இம்மி பிந்தி, டும். நடுவில் மவுத் ஓர்கன் ரயில் மாதிரிக் கூவியது. பிறகு அவன் தொண்டையைத் திறந்தான். பாகும் இல்லை, பதமும் இல்லை, மரம் அறுக்கிற குரல். சிரித்தவர்கள் சிரிப்பை விட்டுவிட்டுக் கிட்டே வந்தார்கள்.

அது அவன் இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் கற்றுக்கொண்டது. கண்டிப் பக்கத்துப் பட்டாளக் கேம்பில் விறகு உடைக்கப் போனபோது, லொறி ஓட்டிய கறுத்த அமெரிக்கக்காரன் ஒருவன் காலால் பெட்டியை உதைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக இப்படிப் பாடுவானாம். இதற்கு என்ன பேர் என்று கேட்டதற்கு அவன் “புளூஸ்” என்று சொன்னதை அழகமுத்து வீட்டுக்கு வந்து “பிளவுஸ்” என்றான். அப்போது பாப்பம்மா புதுப்பெண். தனக்குத்தான் என்னவோ வாங்கப் போகிறார் என்று நினைத்து, “நீலக் கலர்ல எடுங்க” என்றாள். அன்றிலிருந்து தோட்டம் முழுக்க அதற்குப் பிளவுஸ் பாட்டு என்றே பேர்.

ஒரு வரியை இரண்டு தரம் பாடுவான். மூன்றாவது வரியில் கேட்கிற ஆள் சிரித்துக் கவிழ்ந்துவிடுவான்.

பஸ்ஸு வரும்னு நின்னேன், பலாபத்வல றோட்டுல,
பஸ்ஸு வரும்னு நின்னேன், பலாபத்வல றோட்டுல,
வந்த பஸ்ஸு கேட்டிச்சு, ஆளு ஒன்னா நாலா?

நேற்றும் அதைத்தான் பாடினானாம். பாடி முடித்து ஸஹாப்தீன் நானாவின் கடைப்படியில் உட்கார்ந்து, ஒரு பிளேன்டீ கேட்டான். தேத்தண்ணி வந்தபோது அவன் இல்லை. நானாவே தன் லொறியில் கொண்டுவந்து இறக்கினார். கழுத்துக் கம்பியைக்கூட யாரும் கழற்றியிருக்கவில்லை. பாப்பம்மாதான் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கடைசியில் குதிகால் கயிறு. மடக்க முடியாத அந்தக் காலுக்குத் தினமும் காலையில் அவள்தான் கட்டிவிடுவாள், பொழுது சாய அவள்தான் அவிழ்ப்பாள். ஓர் இழுப்பில் அவிழுகிற முடிச்சு.

வானம் கறுத்துக்கொண்டு வந்த நேரத்தில் கீழே பாதையில் ஆள் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்த பெண்கள், “அடியாத்தீ!” என்றார்கள். பசாரே ஏறி வந்துகொண்டிருந்தது. பஸ்காரர்கள், மரக்கறி விற்கிறவர்கள், சிங்கள ஆட்கள், முன்னால் தொப்பியோடு ஸஹாப்தீன் நானா. முற்றம் கொள்ளவில்லை.

நானா கொண்டுவந்த மாலையைப் பாப்பம்மாவின் கையில் கொடுத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். “தங்கச்சி, ஆக்களெல்லாம் வந்தீக்கிறாங்க. எங்க, ஒரு மேளச் சத்தத்தையும் காணல்லியே? எங்கட அழகமுத்துவச் சும்மாவா கொண்டு போகப் போறீங்க?”

அத்தனை கண்ணும் பலா மரத்தடிக்குப் போனது. அங்கே வெற்றிலை மெல்லுவது நின்றது. மாடசாமி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மறுபடியும் தப்பைப் பார்த்தார். பார்த்தவர் முகம் சுளித்தார்.

“என்ன புள்ள, தோலு இப்பிடித் தொங்குது? பனியில வச்சியா?”

“ராத்திரி எனக்கு வேற வேல இருந்திச்சி மாமா.”

“குடு இங்க.”

“கொண்டு போகவா?”

“காய்ச்சணும்ல. இப்பிடியா வைப்பாங்க ஒரு தப்ப?”

அவள் கொடுத்தாள். அவர் சருகைக் கூட்டி நெருப்பு வைத்து, தப்பை அனலில் காட்டிச் சுழற்றிச் சுழற்றிக் காய்ச்சினார். விரலால் சுண்டினார். இன்னும் கொஞ்சம் காட்டினார். மறுபடி சுண்டினார். தோல் கணீரென்றது. அந்தச் சத்தத்தில் மரத்தடியில் இருந்த மூன்று பேரும் தம்மை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார்கள். அதைப் பார்த்ததும் பாப்பம்மாவுக்குத் தைரியம் வந்தது.

“காய்ச்சிட்டீங்க. அவரு அடிச்ச மாதிரி அடிச்சிருவீங்களா? ஒத்த ஆளு செஞ்சத உங்க செட்டு நாலு பேரும் சேந்தாவது செய்ய முடியுமா?”

“என்ன பேசுற நீ? இந்த நொண்டிச் சத்தத்த அடிக்க நாலு பேரா?”

“அடிச்சிக் காட்டுங்க.”

பசார் கூட்டம் கைதட்டியது. சாவு வீட்டில் கைதட்டுவதா என்று ஒரு கிழவி திட்டினாள், யாரும் கேட்கவில்லை. செட்டில் இளையவன் ஓடிவந்து ஜால்ராவை எடுத்துக்கொண்டான். இன்னொருத்தன் கிட்டாரை அகப்பை பிடிப்பது போலப் பிடித்தான். மூன்றாவது ஆளான நல்லையா மவுத் ஓர்கனை வாயில் வைத்து ஊதினான். கன்றுக்குட்டி கத்துவது மாதிரி ஒன்று வெளியே வந்தது. கூட்டம் குலுங்கிச் சிரித்தது. பாப்பம்மாவும் சிரித்துவிட்டாள். சிரித்ததும் கண்ணில் தண்ணீர் கொட்டியது, அதையும் அவள் துடைக்கவில்லை.

மாடசாமி குச்சியை எடுத்துச் சாவு அடி அடித்தார். சுத்தமான அடி.

“இது அவரு அடி இல்ல” என்றாள் பாப்பம்மா.

அவர் நிறுத்தி நிறுத்தி அடித்துப் பார்த்தார். கை நல்ல கை, அது சரியான இடத்தில்தான் போய் விழுந்தது. ஜால்ராவும் கிட்டாரும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. நல்லையா ஒருவழியாக மெட்டைப் பிடித்து, முதல் வரியை ஊதிவிட்டு, அடுத்த வரிக்குத் தாவினான்.

“டேய், ரெண்டு தரம்டா!” என்று மாடசாமி கத்தினார். “றோட்டுலங்கிறத இன்னொரு தரம் இழு. பொறகுதான் ‘வந்த பஸ்ஸு கேட்டிச்சு, ஆளு ஒன்னா நாலா’ வரும். அந்த ‘நாலா’வ மேல தூக்காத, கீழ போடு. அவன் கீழதான் போடுவான்.”

சொல்லிவிட்டு வாயை மூடினார். சந்தைக்கு ஒரு நாளும் அவர் போனதில்லை. தம்பி வாசலில் பாடினால் எழுந்து உள்ளே போய்விடுவார். ஆனால் அந்த லயத்தில் இரண்டு வீடும் பக்கத்துப் பக்கத்துக் காம்பரா அறைதான், நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. இங்கே இருமினால் அங்கே மிளகுத் தண்ணி வைக்கச் சொல்லுவார்கள். பத்து வருஷம் பாடியது அத்தனையும் சுவருக்கு மேலாக அங்கே போய் விழுந்திருக்கிறது.

பாப்பம்மா மெதுவாகச் சொன்னாள்: “அது கையில வராது மாமா. கால்லதான் வரும்.”

மாடசாமி தப்பைப் பார்த்தார். கையால் அடிக்கிறதைக் காலால் அடிக்கிறான் என்றுதான் இத்தனை வருஷமும் ஊரெல்லாம் சொல்லி ஏசியிருந்தார். இப்போது திரும்பி நின்று முதுகைக் காட்டினார். அவள் வாரை அவர் தோளில் மாட்டினாள். குனிந்து இடது குதிகாலில் கயிற்றைக் கட்டினாள். வழக்கமாகக் கட்டுகிற அதே முடிச்சுத்தான் கைக்கு வந்தது.

அவர் இரண்டு எட்டு வைத்தார், வலது காலுக்கு இளையவன் ஜால்ராவைத் தட்டினான். டிங், டும். டிங், டும். நேரான நடை.

“இன்னும் சரியா வரல” என்றாள்.

மாடசாமி நின்றார். பிறகு இடது காலை இழுத்து, ஒரு மூச்சுப் பிந்தி வைத்தார்.

டிங்... டும்.

“அதுதான்! அதேதான்!” என்று ஸஹாப்தீன் நானா சத்தம் போட்டுவிட்டார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெஞ்சில் படுத்திருக்கிறவன் எழுந்துவிட்டானோ என்று பாப்பம்மாவே ஒரு தரம் உள்ளே திரும்பிப் பார்த்தாள்.

“பாட்டு யாரு பாடுறது?” என்று நல்லையா கேட்டான்.

“யாரும் வேணாம். அவரு பாடுற எடத்த விட்டுட்டு அடிங்க.”

பாடை எழுந்தது. நாலு பேரும் முன்னால் போனார்கள். ஒற்றை ஆள் சர்வசாதாரணமாகச் செய்ததை நாலு பேர் வியர்க்க வியர்க்கச் செய்தார்கள். பாட்டு வர வேண்டிய இடத்தில் மவுத் ஓர்கனும் கிட்டாரும் நின்றன, அடி மட்டும் நடந்தது. அந்த வெறும் இடத்தில் கூட்டம் முழுக்க உதடு அசைத்துக்கொண்டு போவதைப் பாப்பம்மா பார்த்தாள். லயத்துக் கோடியைத் தாண்டிப் பிணத்தோடு பெண்கள் போகக் கூடாது. அவள் அங்கேயே நின்றாள். ரப்பர் மரங்களுக்கு நடுவே பாதை சரிந்து இறங்கியது. நல்ல கால் இரண்டும் உள்ள மாடசாமி, பத்து வருஷம் அந்த நடையைப் பார்க்கச் சகிக்காத மாடசாமி, நொண்டி நொண்டி இறங்கினார். அவளுக்குப் பெருமையாக இருந்தது. அத்தனை துக்கத்துக்கு நடுவிலும் அப்படி ஒரு பெருமை.

பிறகு வீட்டைக் கழுவிவிட்டார்கள். வாசலில் கால் கழுவத் தண்ணீர் வைத்தார்கள். மழை பெய்து ஓய்ந்தது. பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் காம்பராவுக்குப் போனார்கள். பாப்பம்மா அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

கீழே பாதையில் சத்தம் கேட்டது. டும்.

கொஞ்சம் விட்டு மறுபடியும், டும். ஏறி வந்துகொண்டிருந்தது. சந்தை நாளில் பொழுது சாய இந்தச் சத்தம் கேட்டால் அவள் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைப்பாள். இப்போதும் கை தானாகப் போய் நெருப்புப் பெட்டியை எடுத்தது. குச்சியையும் உருவியது. சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பது அதன் பிறகுதான் ஞாபகம் வந்தது. குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

வாசலில் மாடசாமி நின்றார். தலை நனைந்திருந்தது. மற்றவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். முதுகில் தப்பு அப்படியே இருந்தது.

“கயித்த அவுக்கலியா மாமா?”

“முடிச்சு இறுகிப் போச்சு புள்ள. அவுக்க முடியல.”

அவள் குனிந்து பார்த்தாள். ஓர் இழுப்பில் அவிழுகிற முடிச்சு. இழுக்க வேண்டிய நுனி தளர்ந்து, சேற்றில் புரண்டுகொண்டு கிடந்தது.

“ஈரத்துல அப்பிடித்தான் இறுகும்” என்றாள். “உள்ள வாங்க.”

மாடசாமி தண்ணீரை எடுத்துக் கயிற்றோடு சேர்த்துக் காலைக் கழுவினார். வலது காலை உள்ளே வைத்தார். இடது காலைக் கொஞ்சம் பிந்தித் தூக்கி வாசற்படிக்கு இந்தப் பக்கம் வைத்தார். தப்பு ஒரு தரம் சத்தம் போட்டது.