விழுந்த குழாய்

நாளை விடிந்ததும் கழுதை வண்டிகளைப் பூட்டிவிடுங்கள் என்று நாபா சொல்லிவிட்டார். எங்கள் ஊர்த் தலைவர் அவர், சொன்னால் சொன்னதுதான். குட்டை வற்றிச் சேறாகிவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் கொஞ்ச நாள் தண்ணீர் கொடுத்துப் பார்த்துவிட்டு, நேற்று எங்கள் பெண்களை வெறுங்குடத்தோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் கிணறும் அடிமண் தட்டிக்கொண்டிருக்கிறது. இன்று சாயங்காலத்துக்குள் எங்கள் அடிபம்பில் தண்ணீர் வராவிட்டால், மொத்த ஊரும் கோங்கூசி டவுனுக்குப் போகும் தார்ச்சாலை ஓரத்தில் போய்க் குடிசை போட வேண்டியதுதான்.

எல்லோரும் போகட்டும். என் மகள் சிப்து எப்படிப் போவாள்? அவளுக்கு இது நிறைமாதம். போன வருஷமும் இதே வெயில், இதே பம்பு மக்கர். வண்டியில்தான் போனோம். குலுங்கிய குலுக்கலில் வழியிலேயே அவளுக்குப் பிறந்துவிட்டது. குழந்தை அழவே இல்லை. ஒரு மரத்தடியில் புதைத்துவிட்டு வண்டியை ஓட்டினோம். அவள் புருஷன் எல்லை தாண்டி அபிஜான் பக்கம் கொக்கோ தோட்டத்தில் கிடக்கிறான். இங்கே அவளுக்கு நான், எனக்கு அவள். என் உயிரே போனாலும் இந்த முறை அவளை வண்டியில் ஏற்றுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

பம்பு மெக்கானிக் டோயே காலையில் மொபெட்டில் வந்து இறங்கினான். வந்தவனுக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் பேச்சே. நீட்ட எங்களிடம் ஒரு சுரைக்குடுக்கைத் தண்ணீர்கூட இல்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"என்ன அடிமைங்களா, வந்தவனுக்கு ஒரு வாய் தண்ணி கொடுக்கக்கூட வக்கில்லையா?" என்றான் டோயே.

"நாய்த்தலை திங்கறவனுக்குத் தண்ணி எதுக்கு? எலும்பு வேணும்னா தேடித் தரேன்," என்றான் என் கொழுந்தன் ராவ்கோ, கையை வீசி வீசி.

எல்லோரும் சிரித்தார்கள். டோயே சாமோ இனத்து ஆள், நாங்கள் மோசி இனம். எங்களுக்குள் கேலி முறை; அவர்கள் வாயில் நாங்கள் அடிமைகள், எங்கள் வாயில் அவர்கள் நாய்த்தலை தின்பவர்கள். எதிரே பார்த்தால் ஏசியே ஆக வேண்டும், ஏச்சு வாங்கினவன் பதிலுக்கு ஏசியே ஆக வேண்டும், யாருக்கும் கோபம் வரக்கூடாது. பதில் சொல்லாமல் ஒருவன் வாயை மூடிக்கொண்டான் என்றால் உறவை அறுத்துவிட்டான் என்று அர்த்தம். அது ஊருக்கே ஆகாது.

டோயே தன் மொபெட்டில் கட்டியிருந்த தண்ணீர்க் கேனை அவிழ்த்து சிப்துவிடம் கொடுத்தான். "குடிம்மா. உள்ள இருக்கறது மோசிப் பயலா இருந்தாலும் பரவாயில்ல, அவனும் குடிக்கட்டும்." அந்த ஒரு வார்த்தைக்கே அவன் காலில் விழலாம் போலிருந்தது எனக்கு.

குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே எடுத்ததில் கோளாறு தெரிந்துவிட்டது. நடுவில் இரண்டு குழாய்கள் துரு தின்று ஓட்டை விழுந்திருந்தன. எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் பாதி வழியிலேயே ஒழுகிப் போயிருக்கிறது. அவற்றைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, கொண்டுவந்திருந்த புதுக்குழாய்களைச் சேர்த்து, மறுபடி உள்ளே இறக்க ஆரம்பித்தான். ஒன்றோடு ஒன்றாக மரை ஏற்றி இறக்க வேண்டும். கீழே தொங்குகிற மொத்தப் பாரத்தையும் ஒரு இரும்பு கிளாம்ப்தான் கவ்விப் பிடித்திருக்கும். அந்தக் கிளாம்ப்பின் தாடை தேய்ந்து வழவழத்துக் கிடந்தது.

"இது தானா பிடிக்காது," என்றான் டோயே. "ஒரு ஆளு இந்தக் கைப்பிடியை அழுத்திக்கிட்டே இருக்கணும். விட்டா போச்சு, மொத்தமும் பாதாளத்துக்குப் போயிடும். இன்னொண்ணும் சொல்லிடறேன். பைப்பு தொங்கற வரைக்கும் நான் சாமோவும் இல்ல, நீங்க மோசியும் இல்ல. கேலி கீலியெல்லாம் தண்ணி வந்தப்புறம்."

ஊரிலேயே பலசாலி என்று ராவ்கோவைக் கைப்பிடியில் உட்கார வைத்தார்கள். அவன் பலசாலிதான். ஆனால் கை ஆடாமல் அவனுக்கு வாய் ஆடாது. இது தெரிந்தும் நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

பாதிக்கு மேல் இறக்கியாகிவிட்டது. இன்னும் நான்கே குழாய்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து நாபா குடை பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். டோயே வைத்த சட்டம் அவருக்குத் தெரியாது. சாமோக்காரனைப் பார்த்ததும் வழக்கப்படி ஆரம்பித்துவிட்டார்.

"என்னடா நாய்த்தலைத் திருடா, எங்க குழாயையெல்லாம் மண்ணுக்குள்ள ஒளிச்சு வைக்கிறியா?"

டோயே நிமிரவில்லை. குழாய் திருகும் ரிஞ்சைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

நாபாவின் முகம் மாறியது. "உன்னைத்தான்டா. காது செவிடா?"

டோயே ரிஞ்சை அடுத்த சுற்றுக்குத் திருப்பினான். சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாபாவுக்கு ஒரு சாமோ பதில் சொல்லாமல் இருப்பதா? விஷயத்தை எடுத்துச் சொல்லலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் ராவ்கோ முந்திக்கொண்டான். பாவி, நல்லது செய்வதாக நினைப்பு.

"கோச்சுக்காதீங்க நாபா, அவன் தொண்டையில நாய் எலும்பு சிக்கிக்கிச்சு!" என்று சொல்லி, எங்கே சிக்கியது என்று காட்டத் தன் தொண்டைக்குக் கையைக் கொண்டுபோனான்.

கிளாம்ப் வாயைத் திறந்தது. குழாய் சர்ரென்று போனது. டோயே பாய்ந்து பிடித்தான். உள்ளங்கைத் தோல்தான் உரிந்தது. அடியில் எங்கேயோ தொம்மென்று ஒரு சத்தம். குழாய்க்கிணற்றின் வாய் காலியாக இருந்தது.

ராவ்கோ இன்னும் தொண்டையில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தான். அப்புறம் என்ன பேசினேன் என்று எனக்கே முழுசாக நினைவில்லை. ராவ்கோவின் தோளில் ரெண்டு அடி போட்டேன் என்று சொல்கிறார்கள். நாபாவைப் பார்த்து, "நீங்களும்தான்! குடையைப் பிடிச்சுக்கிட்டு வந்து ஏசறதுக்கு வேற நேரம் கிடைக்கலையா? நாளைக்கு என் பொண்ணை நீங்க சுமந்துக்கிட்டுப் போறீங்களா?" என்று கத்தியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நாபாவிடம் அப்படிப் பேசினவள் எங்கள் ஊரில் நான் ஒருத்திதான் இருப்பேன். அவர் குடையை மடக்கிக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"விழுந்ததை எடுக்கற கொக்கி டவுன்லதான் இருக்கு," என்றான் டோயே, கையில் துணியைச் சுற்றிக்கொண்டே. "போய்ட்டு வர நாளைக்கு ராத்திரி ஆயிடும்."

"அதுக்குள்ள ஊரு கிளம்பிடும்."

"தெரியுது." குனிந்து கிணற்று வாய்க்குள் எட்டிப் பார்த்தான். "விழுந்த குழாயோட தலையில மரை போட்ட சாக்கெட் இருக்கு. மேலேருந்து இன்னொரு குழாயை விட்டு, கண்ணு தெரியாமலே மரை ஏத்திட்டா, பிடிச்சு இழுத்துடலாம்."

"நடக்குமா?"

"ஒரு தடவை பார்த்திருக்கேன். நடக்கல."

பாக்கியிருந்த குழாய்களை ஒன்றோடு ஒன்று சேர்த்தாலும் அவ்வளவு ஆழத்துக்கு எட்டாது என்று கணக்குப் போட்டான். ஓரமாகப் போட்டிருந்த துருக்குழாய்களையும் மேலே சேர்த்தால்தான் எட்டும். அப்படியென்றால், ஓட்டை விழுந்த அந்த இரண்டும்தான் மொத்தப் பாரத்தையும் தூக்க வேண்டும்.

கிளாம்ப்பை யார் பிடிப்பது என்று பார்த்தபோது அவன் என்னைக் காட்டினான். "நோபோகோ அக்கா, நீ வா. கம்பு குத்தின கை. உன் பொண்ணுக்காக நீ விட மாட்டே."

உட்கார்ந்தேன். வெயிலில் கைப்பிடி அனலாகக் கொதித்தது. குழாய் அங்குலம் அங்குலமாக இறங்கியது. டோயே தரையில் படுத்துக் காதை இரும்பில் ஒட்டவைத்துக்கொண்டான். "விடு" என்றால் மயிரிழை தளர்த்த வேண்டும். "பிடி" என்றால் உடனே அழுத்த வேண்டும். விடு, பிடி. விடு, பிடி. ஊரே சுற்றி நின்றது, ஒரு இருமல்கூட இல்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டுத் தலாத்தோ ஓடி வந்தாள். ஊரில் பிரசவம் பார்ப்பவள் அவள்தான்.

"அண்ணி! சிப்துவுக்கு வலி கண்டுடுச்சு. பனிக்குடம் உடைஞ்சுபோச்சு. உன்னைத்தான் கேக்கறா, வா!"

நான் டோயேயைப் பார்த்தேன். அவன் காதை எடுக்காமலே கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினான்.

"கை மாத்தினா நழுவிடும்," என்றான் மெதுவாக. "இந்தத் தாடையோட பிடி இப்போ உனக்குத்தான் தெரியும். போறதுன்னா போ அக்கா. நான் தப்பு சொல்ல மாட்டேன்."

போகாதே என்று அவன் அதட்டியிருந்தால்கூட எழுந்து போயிருப்பேன். தப்பு சொல்ல மாட்டேன் என்றானே, அதுதான் என்னைக் கட்டிப் போட்டுவிட்டது. "நீ போ தலாத்தோ," என்றேன். "நான் வரேன்னு சொல்லு. இதோ வரேன்னு சொல்லு."

என் வீடு கூப்பிடு தூரம். அவள் கத்தியது ஒவ்வொன்றும் கேட்டது. "அம்மா" என்றாள். அப்புறம் "அம்மா எங்க" என்றாள். கண்ணில் வியர்வை இறங்கியது, துடைக்கக் கை இல்லை. டோயே "விடு" என்றான், விட்டேன். "பிடி" என்றான், பிடித்தேன்.

அடியில் டக்கென்று ஏதோ தட்டியது. டோயே ரிஞ்சைப் போட்டு மெல்லத் திருப்பினான். வழுக்கியது. மறுபடி தூக்கி, மறுபடி இறக்கி, மறுபடி திருப்பினான். வழுக்கியது. எத்தனை முறை என்று எண்ணவில்லை. வீட்டிலிருந்து வந்த கத்தல் அடித்தொண்டைக்கு மாறியது. இனி அதிக நேரம் இல்லை என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

"கவ்விடுச்சு," என்றான் டோயே. இன்னும் நான்கு சுற்றுச் சுற்றினான், இறுகியது. "ஆம்பளைங்க எல்லாம் வாங்க. மெதுவா. ஜெர்க் கொடுத்தா துருக்குழாய் அறுந்துடும். மெதுவா!"

இழுத்தார்கள். நாபா அங்கியைச் சுருட்டிக்கொண்டு அவரும் கை போட்டார். ராவ்கோவும் வந்து பிடித்தான், கண்ணில் தண்ணீர் வழிய, வாயை இறுக மூடிக்கொண்டு. துருக்குழாய் முனகியது. ஓட்டையிலிருந்து செதில் செதிலாகத் துரு உதிர்ந்து என் கை மேல் விழுந்தது. ஒவ்வொரு முறை அவர்கள் மூச்சு வாங்கும்போதும் அத்தனை பாரமும் என் பிடிக்கு வந்தது.

அப்போது வீட்டில் சத்தம் நின்றுவிட்டது.

நான் காத்திருந்தேன். குழந்தை அழும், இதோ அழும் என்று காத்திருந்தேன். அழவில்லை. போன வருஷம் வண்டியிலும் இப்படித்தான் எல்லாம் அடங்கியது. ஆண்டவனே, இன்னொரு முறை வேண்டாம். எழுந்து ஓடு, ஓடு என்று காலெல்லாம் துடித்தது. கை மட்டும் அதன் பாட்டுக்கு இருந்தது. அது என் கைதானா என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்தது.

துருக்குழாய் இரண்டும் வெளியே வந்தன. கழற்றி எறிந்தார்கள். நல்ல குழாய் வந்தது. இறக்காமல் பாக்கியிருந்த நான்கும் விழுந்தவற்றோடு சேர்ந்துவிட்டதால் அதற்கு மேல் இழுக்க வேண்டியதில்லை. டோயே கிணற்று வாயில் குழாயைத் தாங்கும் இரும்புத் தட்டை வைத்து, போல்ட்டை மாட்டி, ஒவ்வொன்றாக முறுக்கினான். கடைசி போல்ட் இறுகியதும், "போதும் அக்கா, விட்டுடு," என்றான்.

விட முடியவில்லை. அவன்தான் என் விரல்களைக் கைப்பிடியிலிருந்து பிரித்து எடுத்தான்.

குழாய்க்குள் பம்புக் கம்பியை இறக்கினார்களா, தண்ணீர் எப்போது வந்தது, எதையும் நான் பார்க்கவில்லை. ஓடினேன். வாசலில் தலாத்தோ உட்கார்ந்திருந்தாள், முழங்கை வரை ரத்தம். அவளைத் தாண்டி உள்ளே போனேன். சிப்து பாயில் சாய்ந்திருந்தாள். மார்பில் ஒரு துணிப்பொட்டலம். அதன் வாய் அசைந்துகொண்டிருந்தது. பால் குடித்துக்கொண்டிருந்தது!

"கொடி சுத்தி வந்துச்சு," என்றாள் தலாத்தோ பின்னாலிருந்து. "மூச்சு வர நேரமாச்சு. ஊதி ஊதித்தான் வர வெச்சேன். பொண்ணு."

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. சிப்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூப்பிட்டேன்ல?"

"கேட்டுச்சு."

"கேட்டும் வரல."

"வரல," என்றேன்.

வெளியே பெரிய கூச்சல் கிளம்பியது. பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ ஒரு பெண் ஓடி வந்து நிறையத் தண்ணீரோடு ஒரு சுரைக்குடுக்கையை வைத்துவிட்டு ஓடினாள். சிப்து அதை இரண்டு கையாலும் எடுத்து மூச்சு விடாமல் குடித்தாள். தாடையில் வழிந்தது. பாதி மிச்சம் வைத்தாள்.

"பிடி," என்று குழந்தையை நீட்டினாள்.

நான் கையை நீட்டினேன். விரல்கள் விரியவில்லை. கைப்பிடியைப் பிடித்த வாக்கிலேயே மடங்கி நின்றன, உள்ளங்கை முழுக்கக் கொப்புளம் உடைந்து, துருவும் ரத்தமுமாக. "மடியில போடும்மா," என்றேன். "கையில வாங்க முடியாது."

அவள் குழந்தையை என் மடியில் போட்டாள். என் கையை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் மிச்சத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன் மேல் ஊற்றி, ஒவ்வொரு விரலாக நிமிர்த்த ஆரம்பித்தாள்.

"வலிக்குதா?"

"வலிக்குதுடி."

"வலிக்கட்டும்," என்றாள், அடுத்த விரலைப் பிடித்துக்கொண்டு.