பாதி மாத்திரை

என் மேசைக்கு முன்னால் உட்காருகிறவர்கள், வாய் திறப்பதற்குள் மாத்திரைப் பையைக் கொட்டிவிட வேண்டும். அதுதான் என் சட்டம். ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் பாதி ஆயுளைக் கழித்தவள் நான். இப்போது ஜெராக்ஸ் கடைக்கு மேல் ஓர் அறை பிடித்து, வயதானவர்களுக்கு எந்த மருத்துவக் காப்பீடு சரிப்படும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அரசாங்கத்துடையது போதுமா, தனியாருக்குப் போகலாமா, இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வருவார்கள். இந்த விஷயத்தில் என்னை ஏமாற்ற இனிமேல்தான் ஒருவர் பிறந்து வர வேண்டும். தற்பெருமைதான். இருந்துவிட்டுப் போகட்டுமே.

அன்று ஒரு தம்பதி வந்தார்கள். அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மாள் வீட்டிலேயே துணி தைப்பவர்.

"சாயங்காலம் என் சகலை பேப்பரோட வீட்டுக்கு வர்றாரும்மா. தனியார் கம்பெனில சேரப் போறோம், கையெழுத்துதான் பாக்கி. இவதான் உங்களை ஒரு வார்த்தை கேட்டே ஆகணும்னு இழுத்துட்டு வந்துட்டா" என்றார் டிரைவர்.

"சகலை டாக்டரா?"

"இல்ல, ரிட்டயர் ஆனதும் ஏஜெண்ட் ஆயிட்டாரு."

"ரொம்ப சந்தோஷம். பையைக் கொட்டுங்க."

அந்த அம்மாள் கொட்டினார். எல்லாம் அந்த அம்மாளுடைய மருந்துகள்தான். டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் கிடையாது. குண்டுக்கல்லாட்டம் இருக்கேன்" என்றார்.

அந்தக் கம்பெனியின் திட்டம் எனக்கு அத்துப்படி. ஜோடியாகச் சேர்ந்தால் ஆஸ்பத்திரியில் தனி அறை கிடைக்கும். ஆனால் இருவரில் ஒருவராவது எந்த நோயும் இல்லாதவராக இருக்க வேண்டும். அரசுக் காப்பீட்டை ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும், ஒப்படைத்தால் பிறகு திரும்பச் சேர முடியாது. ஆகவே எல்லாமே டிரைவர் குண்டுக்கல்லா இல்லையா என்பதில் இருந்தது.

மாத்திரைகளுக்கு நடுவே ஒரு பட்டன் டப்பா கிடந்தது. திறந்தேன். உள்ளே பிரஷர் மாத்திரைகள், எல்லாம் பாதி பாதியாக.

"எதுக்குக்கா வெட்டி வச்சிருக்கீங்க?"

"முழுங்கக் கஷ்டமா இருக்கும்மா."

"இது கடுகத்தனைதான் இருக்கு. இந்தக் கால்சியம் மாத்திரை கொட்டைப்பாக்கு சைஸ். இதை மட்டும் முழுசா முழுங்குறீங்களாக்கும்?"

அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். கணவர் மின்விசிறியைப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் என் மின்விசிறியைத்தான் பார்ப்பார்கள்.

"மறு பாதி யாருக்கு?"

"அவருக்குத்தான்" என்றார் அந்த அம்மாள். "போன வருஷம் தலை சுத்துதுன்னாரு. டாக்டர்கிட்ட போனா பிரஷர்னு எழுதிடுவாங்க, எழுதிட்டா கம்பெனில சேக்க மாட்டாங்க, சேர்ற வரைக்கும் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதீங்கன்னு என் தங்கச்சி வீட்டுக்காரர் சொல்லிட்டாரு. சரின்னு என்னோடதுல பாதியைக் குடுத்தேன். சுத்தல் நின்னுச்சு. அப்புறம் தினமும் அப்படியே."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்குப் பாதி போதும்மா."

எனக்குக் கோபம் வந்துவிட்டால் பெரியவர், சின்னவர் எல்லாம் கிடையாது. டப்பாவை மேசையில் ஓங்கி வைத்தேன்.

"ஏண்ணே, பிரேக் பிடிக்கலேன்னா வண்டியை டிப்போவுல காட்டுவீங்களா, இல்ல பக்கத்து வண்டியோட பிரேக்ல பாதியைக் கழட்டி மாட்டிக்குவீங்களா? இப்ப ரெண்டு வண்டியும்ல பிரேக் இல்லாம ஓடுது!"

டிரைவரின் முகம் சுருங்கிப்போனது. நான் விடவில்லை.

"நாளைக்கு நீங்க மயங்கி விழறீங்கன்னு வைங்க. டாக்டர் முதல்ல, 'என்ன மாத்திரை சாப்பிடறாரு?'ன்னுதான் கேப்பாரு. அக்கா பதட்டத்துல உண்மையைச் சொல்லிடுவாங்க, சொல்லத்தான் வேணும். உடனே கம்பெனி, 'நோயை மறைச்சுட்டாரு'ன்னு கையை விரிச்சிடும். அரசாங்கத்துதையும் விட்டாச்சு. உள்ளதும் போச்சு நொள்ளைக் கண்ணா! இப்படி எத்தனை பேர் என் கவுண்டர்ல நின்னு அழுதிருக்காங்க தெரியுமா?"

பிறகு டிரைவர் பேசினார். குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"எங்கண்ணனைப் பெரியாஸ்பத்திரில வராண்டாவுல போட்டிருந்தாங்கம்மா. வர்றவன் போறவன் எல்லாம் அவரைத் தாண்டித் தாண்டிப் போனான். துணி விலகினாக்கூட மூடிவிட ஆளில்ல. இவளை அப்படிப் படுக்க விட மாட்டேன். கதவு வச்ச ஒரு ரூம். அவ்வளவுதான் கேட்டேன்."

அந்த அம்மாள் சட்டென்று அவர் பக்கம் திரும்பினார். தனக்காகத்தான் இத்தனையும் என்று அந்த அம்மாளுக்கு அதுவரை தெரியாது. தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினேன்.

"கதவு வச்ச ரூம் தர்றது என் பொறுப்பு. ஆனா நான் சொல்ற வழியில வாங்க. அரசாங்கக் காப்பீட்டை விடவே கூடாது. உங்களுக்கு என்ன நோய்னு கேக்காம ஏத்துக்கிறது அது ஒண்ணுதான். அதுக்கு மேல, தனியார்ல துணைத் திட்டம் ஒண்ணு எடுத்துத் தர்றேன். இருக்கிற நோயைச் சொல்லியே சேரலாம், ரூம் செலவை அது ஏத்துக்கும். சேர்ந்த மறுநாளே அக்கா கால் இடறி விழுந்தாலும் தனி ரூம்தான்."

"வாயைக் கழுவுங்கம்மா!" என்று பதறினார் டிரைவர்.

"கழுவிக்கறேன். நீங்க முதல்ல எதிர்த்தாப்புல இருக்கிற கிளினிக்ல போய் பிரஷர் பாத்துட்டு வாங்க. ரெண்டு பேரும்."

"எழுதிடுவாரே?"

"எழுதட்டும். எழுதினாத்தான் நான் சேக்க முடியும். மறைச்சா உங்களுக்குச் சகலை போதும், நான் எதுக்கு?"

அந்த அம்மாள் முதல் தடவையாகச் சிரித்தார். டிரைவர் இன்னும் அசையவில்லை. இத்தனை வருஷம் பஸ் ஓட்டிய மனிதருக்கு எங்கே பள்ளம் இருக்கும் என்று தெரியாதா? சரியாகக் கேட்டார்.

"சொன்ன நோய்க்கு உடனே ரூம் குடுத்துடுவானா?"

"மாட்டான். பிரஷர்னால படுத்தா, ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் ரூம். அதுவரைக்கும் வைத்தியம் எல்லாம் அரசாங்கக் கணக்குல நடக்கும், படுக்கை பொது வார்டுலதான். இதுல நான் பூசி மெழுக மாட்டேன்."

"ரெண்டு வருஷமா? அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

நான் வாயெடுப்பதற்குள் அந்த அம்மாள் எழுந்து, அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"உசுரோட இருங்க. ரூமை இந்தம்மா பாத்துக்கும்."